ஆறாதாரமும் ஆராவும்

யோகா வகுப்பு அறிவிப்புகளில் 'சக்ரா', 'ஆரா' இரண்டும் இப்போது சேர்ந்தேதான் வருகின்றன. அதனால் இரண்டும் ஒரே மரபின் சொற்கள் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். முதலாவது தந்திர நூல்களுக்குரியது. உடலைச் சூழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒளியைக் குறிக்கும் இரண்டாவது கிரேக்கச் சொல்; அது யோகத்தோடு வந்து ஒட்டியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு.

வடமொழியில் சக்ரம் என்றால் சில்லு, வட்டம். உடலுக்குள் சக்ரங்களை வைத்துப் பேசும் தந்திர நூல்கள் எல்லாம் ஒரே கணக்குச் சொல்வதில்லை; ஐந்து, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று நூலுக்கு நூல் மாறும். இன்று உலகெங்கும் படமாகத் தொங்கும் வரிசை, வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய 'ஷட்சக்ர நிரூபணம்' என்ற நூலில் உள்ளது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் அதை 1919-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 'ஷட்' என்றால் ஆறு. உச்சந்தலையில் உள்ள சகஸ்ராரத்தை அந்த நூல் ஆறோடு சேர்த்து எண்ணுவதில்லை. 'ஏழு சக்கரம்' என்பது பின்னாளில் நிலைத்த எண்ணிக்கை.

உடலுக்குள் உள்ள இந்தச் சக்ரங்களுக்குத் தமிழ் மரபு வைத்திருக்கும் பெயர் ஆதாரம். ஆறும் சேர்ந்தால் ஆறாதாரம். திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என்றெல்லாம் வருவன தகட்டிலும் தரையிலும் கீறும் யந்திரங்கள். உடலுக்குள் இருப்பதையும் சக்கரம் என்றே எழுதினால், திருமந்திரம் படிக்க வருபவர் யந்திரத்தை முதுகெலும்பில் தேடத் தொடங்கிவிடுவார்.

ஆதாரம் என்பதும் வடமொழி வேர்தான்: தாங்குவது, பற்றி நிற்க இடம் தருவது. மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் 'தாரணை'யும் அதே வேரிலிருந்து வந்தது. ஆகவே ஆதாரம் என்றால் மூச்சும் மனமும் பற்றி நிற்கும் இடம். 'ஆற்றல் மையம்' என்ற மொழிபெயர்ப்பு இந்தப் பொருளை அடியோடு விட்டுவிடுகிறது. அங்கே ஏதோ மின்சாரம் உற்பத்தியாவது போன்ற எண்ணத்தைத் தருகிறதே தவிர, பயிற்சி செய்பவர் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'நிலைக்களம்' என்று எழுதலாம், பொருள் கெடாது. சைவ சாத்திரம் இதன் தொடர்ச்சியாக நிராதாரம், மீதானம் என்ற சொற்களையும் வைத்திருக்கிறது. பற்றி நிற்கும் இடம், பற்று இல்லாத இடம், அதற்கும் மேலான இடம் என்ற அந்த வரிசை 'சக்ரா' என்ற சொல்லிலிருந்து பிறக்காது.

இனி ஆறின் பெயர்கள். மூலாதாரம் அடித் தாங்கல். சுவாதிட்டானம் தன் இருப்பிடம், குறிக்கு நேரே. மணிபூரகம் மணிகள் நிறைந்தது, தொப்புள். அநாகதம் என்றால் அடிக்காமல் எழும் ஓசை, நெஞ்சு. விசுத்தி தூய்மை, தொண்டை. ஆஞ்ஞை, அதாவது ஆணை, புருவ நடு. இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50, வடமொழி எழுத்துகளின் எண்ணிக்கை. இதழுக்கு ஓர் எழுத்து என்பதால்தான் இந்த எண்கள். அலைநீளம், அதிர்வெண் என்று சொல்லப்படும் விளக்கங்களுக்கு நூலில் இடமில்லை. சகஸ்ராரத்தை 'ஆயிரம் இதழ்' என்கிறோம். சொல்லுக்கு நேர்ப்பொருள் ஆயிரம் ஆரக்கால். சில்லு என்ற பழைய பொருள் அந்தப் பெயரில் இன்னும் தங்கியிருக்கிறது.

மூலாதாரத்தின் இடத்தைத் திருமந்திரம் விரலால் அளந்தே சொல்லிவிடுகிறது: எருவிடும் வாசலுக்கு (மலவாய்க்கு) இருவிரல் மேலே, கருவிடும் வாசலுக்கு (பிறப்புறுப்புக்கு) இருவிரல் கீழே. பலர் இதை முதுகெலும்பின் நுனி என்று நினைத்து அங்கே மனத்தை வைக்கிறார்கள். அடிப்பகுதித் தசையை மேலே இழுத்துப் பிடிக்கும் மூலபந்தம் என்ற பயிற்சி பிழைபடும் இடமும் இதுவே. இடுப்பு நேராக உட்கார்ந்து, மூச்சை விட்ட பிறகு, அந்த நடுப்பகுதியை மட்டும் மெல்ல மேலே இழுத்து, மூன்று நான்கு எண்ணும் வரை வைத்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். புட்டமும் தொடையும் சேர்ந்து இறுகினால் இழுப்பு வேறு தசைக்குப் போய்விட்டது என்று பொருள். தளர்த்தாமல் அடுத்ததைத் தொடங்கினால் அடிவயிற்றில் இறுக்கம் தங்கும். புருவ நடுவில் மனம் வைக்கும்போது கண்விழியை மேலே செருகுவது அடுத்த பிழை, தலைவலி வரும். கவனம் அங்கே இருந்தால் போதும், கண் தளர்ந்தே இருக்கட்டும்.

விநாயகர் அகவலில் 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும்' என்று வருகிறது. இங்கே கால் என்பது காற்று, அதாவது மூச்சு. பாதத்தால் எழுப்புவதாகப் பொருள் கொண்டு உரை சொல்லக் கேட்டால் தயங்காமல் திருத்தலாம்.

பயில்பவரை அதிகம் குழப்புவது பூதக் கணக்கு, அதாவது மண் முதல் ஆகாயம் வரையான ஐம்பூதங்களில் எது எந்த ஆதாரத்துக்கு என்பது. ஷட்சக்ர நிரூபணத்தில் மண் மூலாதாரத்தில் தொடங்கி, ஆகாயம் விசுத்தியில் முடியும். ஆஞ்ஞைக்குப் பூதம் இல்லை, மனம்தான். சித்தர் மரபில் மூலாதாரத்துக்கு ஓங்காரம். மண் சுவாதிட்டானத்தில் ஐந்தெழுத்து மந்திரமான நமசிவயவின் 'ந'கரத்தோடு தொடங்கி, ம, சி, வ, ய என்று ஏறி, ஆகாயம் ஆஞ்ஞையில் முடியும். இரண்டும் தனித்தனியே முழுமையானவை. ஒன்றின் எழுத்தையும் மற்றதன் பூதத்தையும் கலந்து அச்சிட்ட அட்டவணைகள் நிறைய உலவுகின்றன. அவற்றை வைத்துச் செபிக்கத் தொடங்கினால் எந்த மரபிலும் நிற்க முடியாது. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் வரிசையும் அப்படித்தான். பூர்ணானந்தரின் நூலில் மணிபூரகத்தின் இதழ் மழைமேகக் கருமை, அநாகதத்தின் இதழ் செம்மை. வானவில் 20-ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டில் சேர்ந்தது.

அடுத்து ஆரா. கிரேக்கத்தில் 'ஔரா' என்றால் இளங்காற்று. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது; உடலைச் சுற்றிய நுண்ணொளி என்ற பொருளைப் பரப்பியவர்கள் பிரம்மஞான சபையினர் (தியசாபிகல் சொசைட்டி). 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை 1882-இல் அடையாற்றுக்கு வந்தது. அச்சபையின் லெட்பீட்டர் 1902-இல் ஆராவின் நிறங்களை ஓவியங்களோடு வெளியிட்டார். 1927-இல் சக்ரங்களுக்கெனத் தனி நூலும் எழுதினார். இரு சொற்களும் கைகோத்தது இந்த வட்டாரத்தில்தான். தைத்திரீய உபநிடதம் சொல்லும் உறைகளில் ஒன்றான, மூச்சாலான பிராணமய கோசத்தை ஆராவுக்குச் சமம் என்பதும் சரியில்லை. கோசங்கள் ஒன்றினுள் ஒன்றாக உள்ளே செல்பவை. பிராணமயம், உணவாலான அன்னமயத்துக்கு உள்ளே இருக்கிறது, வெளியே சூழ்ந்திருக்கவில்லை.

வெள்ளைச் சுவர் முன் சிவப்புச் சட்டைக்காரரை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்தால் ஓரத்தில் பச்சை கலந்த நீலம் தெரியும். சட்டை நீலமானால் ஓரம் மஞ்சளாகும். அது விழித்திரையின் சோர்வு. 'ஆரா பார்க்கும்' பயிற்சியில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் இதுவே. ஆராவின் படம் என்று காட்டப்படும் கிர்லியன் படத்தில் விரலைச் சுற்றித் தெரிவது உயர் மின்னழுத்தத்தில் காற்று ஒளிர்வது; விரலின் ஈரம் மாறினால் படமும் மாறும்.

தமிழில் 'ஆரா' என்று அப்படியே எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆரா என்றால் தெவிட்டாத என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறது. குடந்தைப் பெருமாள் ஆராவமுதன். தலைக்குப் பின்னுள்ள ஒளிக்கு 'ஒளிவட்டம்' சரி. செப்புத் திருமேனிகளில் பிடரிக்குப் பின்னால் பொருத்திய சிறு சில்லுக்குச் சிரச்சக்கரம் என்று பெயர். நடராசரின் உடல் முழுவதையும் சுற்றி நிற்பது திருவாசி. மனிதருக்குச் சொல்லும்போது, உடல் முழுவதையும் சூழ்ந்ததாகக் கருதப்படும் ஒளிக்குச் 'சூழொளி' பொருந்தும். 'அவர் முகத்தில் ஒரு ஆரா' என்று பேச்சில் வரும் இடத்துக்குக் களை, தேசு என்ற சொற்கள் தயாராக இருக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் முன் வரும் ஆராவுக்கு மட்டும் இவற்றில் எதுவும் ஆகாது. கண்முன் நெளியும் கோடுகள், கை மரத்துப்போதல் என்று அது நோயின் பகுதி. அதை 'முன்னறிகுறி' என்றே எழுத வேண்டும்.