திமியை விழுங்காத திமிங்கிலம்

"பல்லு எங்க மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தோம். தலைக்கு மேலே, கூரையிலிருந்து தொங்கியது ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 25.2 மீட்டர் நீளம், 221 எலும்புகள், நான்கரை டன் எடை. வாசலில் நுழைகிறவர்களை நோக்கி வாயைத் திறந்துகொண்டு பாய்வது போல மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வாயில் ஒரு பல்கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏமாற்றம்தான்.

அவளைக் குறை சொல்ல முடியாது, பெயரே அப்படி. பழைய அகராதிகளில் திமி என்பது ஒரு பெருமீன். அந்தத் திமியை விழுங்குவது திமிங்கிலம். அதோடு விடவில்லை, திமிங்கிலத்தையும் விழுங்குவதற்குத் திமிங்கிலகிலம் என்று ஒன்று. வடமொழி வழியாக நமக்கு வந்த பெயர்கள் இவை. ஆனால் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலம் எந்தப் பெருமீனையும் விழுங்குவதில்லை. ஓர் ஆளை விழுங்கக்கூட அதன் தொண்டை போதாது. அது தின்பதெல்லாம் கிரில்: விரல் நீளம்கூட இல்லாத, பார்த்தால் நம்மூர்ச் சென்னாக்கூனியை நினைவூட்டுகிற சின்ன உயிர்.

அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய வாய்? அதைத் தெரிந்துகொள்ள எலும்புக்கூட்டின் கீழ்த்தாடையைப் பார்க்க வேண்டும். கீழே நின்று பார்ப்பதைவிட மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்ப்பது நல்லது. வில் போல வளைந்த இரண்டு நீண்ட எலும்புகள் தெரியும். நீலத் திமிங்கிலத்தின் தாடை எலும்பு 7 மீட்டர் வரைகூட வளரும். இப்போது உங்கள் மோவாயைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் இணைப்பு எதுவும் தட்டுப்படாது. குழந்தையாக இருக்கும்போதே நமக்கு இரண்டு பக்க எலும்பும் ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. திமிங்கிலத்துக்கு அது கடைசி வரை ஒட்டுவதே இல்லை. முன்நுனியில் இரண்டு எலும்புகளும் நெகிழ்வான தசைநாரால்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் வாயைக் கீழ்நோக்கிப் பிளப்பதோடு, தாடைகளைப் பக்கவாட்டிலும் விரிக்க முடிகிறது.

எலும்பில் தெரியாதது தோலில் இருக்கிறது. மோவாயிலிருந்து தொப்புள் வரை நீளவாக்கில் 60 முதல் 90 வரை மடிப்புகள். புடவைக் கொசுவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரில் கூட்டத்தைக் கண்டதும் திமிங்கிலம் வேகமெடுத்துப் பாய்ந்து, கிட்டத்தட்ட செங்கோணத்துக்கு வாயைத் திறக்கிறது. தண்ணீர் மோதும் வேகத்தில் கொசுவம் மொத்தமும் பிரிந்து, கழுத்தும் வயிறும் ஒரே பையாக உப்பிவிடும். நாக்கு அப்படியே உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு அந்தப் பையோடு படிந்துகொள்கிறது. அந்த ஒரு வாயில் ஏறுகிற தண்ணீர் ஏறக்குறைய அதன் உடல் எடைக்கு ஈடு. சென்னையில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏழெட்டைக் கற்பனை செய்தால் கணக்குச் சரியாக வரும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இப்படி இழுபடும்போது நரம்பு அறுந்து போகாதா? நீலத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவான துடுப்புத் திமிங்கிலத்தின் வாய்ப்பகுதி நரம்புகளை எடுத்துப் பார்த்தவர்கள், அவை ரப்பர் கயிறு போல இரண்டு மடங்கு வரை நீண்டு திரும்பச் சுருங்குவதை 2015-இல் கண்டார்கள். உள்ளே மடிந்து கிடக்கும் நரம்பிழை, இழுக்கும்போது பிரிந்து கொடுக்கிறது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2012-இல், இரண்டு தாடைகளும் சந்திக்கும் மோவாய் நுனியில் கூழ் போன்ற ஓர் உணர் உறுப்பு இருப்பது தெரியவந்தது. வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது இதன் வேலை என்று கருதுகிறார்கள். 2022-இல்தான் தொண்டையின் ரகசியம் வெளியானது. சதையும் கொழுப்புமான ஓர் அடைப்பான் தொண்டை வாசலை மூடிக்கொள்கிறது. அதனால் அத்தனை தண்ணீரும் பாயும்போது ஒரு சொட்டு உள்ளே போய்ப் புரையேறுவதில்லை. உலகத்திலேயே பெரிய வாயைப் பற்றி இவ்வளவு அடிப்படையான விஷயங்கள் போன பத்துப் பதினைந்து ஆண்டில்தான் தெரியவந்திருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, தண்ணீரை அள்ளியாயிற்று. கிரிலை எப்படிப் பிரிப்பது? வடித்துத்தான். பானைக்கு வடிதட்டைப் போட்டுக் கஞ்சியைச் சாய்க்கிற அதே வேலை. மேல்தாடையில், பல் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்துக்கு 300 தகடுகள் போல வரிசையாகத் தொங்கும். பலீன் என்று பெயர். கறுப்பாக, ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். உட்பக்க ஓரம் தேங்காய் நார் போலப் பிரிந்து, பக்கத்துத் தகட்டு நாரோடு சிக்கிச் சல்லடையாகிவிடும். வாயை மூடிக்கொண்டு பையைச் சுருக்கினால் தண்ணீர் வெளியே போய்விடும், கிரில் உள்ளே தங்கும். வடிக்க ஒரு நிமிடம் வரை ஆகலாம்.

கஷ்டமான பிழைப்பு. வாயைத் திறந்த கணமே திமிங்கிலம் பாராசூட் கட்டியது போல ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் மறுபடி முதலிலிருந்து வேகமெடுக்க வேண்டும். கிரில் நெருக்கமாக இல்லாத இடத்தில் வாயைத் திறந்தால் நஷ்டம். நெருக்கமாக இருந்தால் கொள்ளை லாபம்: வட பசிபிக்கின் நீலத் திமிங்கிலம் ஒன்று, தீனிக் காலத்தில் நாளுக்கு 16 டன் வரை தின்னலாம் என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.

மாட்டியிருக்கும் எலும்புக்கூட்டில் பலீன் இல்லை. அது எலும்பல்ல, நம் நகத்தைப் போன்ற கெரட்டின். தொங்கும் கூட்டில் பலீன் இல்லாவிட்டாலும் இந்தத் திமிங்கிலத்தின் தகடுகளை அருங்காட்சியகம் தனியே பாதுகாத்து வைத்திருந்தது. அவைதான் பின்னால் கதையைச் சொல்லின.

1891 மார்ச்சில் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு துறைமுக முகப்பில், மணல்திட்டில் சிக்கிக்கொண்ட பெண் திமிங்கிலம் இது. உள்ளூர் ஆள் ஒருவர் கொன்றார். எண்ணெயும் இறைச்சியும் விலைபோயின. எலும்புகளை அருங்காட்சியகம் 250 பவுண்டுக்கு வாங்கியது. 1934-இல்தான் பார்வைக்கு வந்தது. 2017-இல் நடு மண்டபத்துக்கு மாற்றி 'ஹோப்' என்று பெயர் வைத்தார்கள், அதாவது நம்பிக்கை. வேட்டையில் அழிந்துகொண்டிருந்த நீலத் திமிங்கிலங்களைக் கொல்லக் கூடாது என்று 1966-இல் நாடுகள் முடிவெடுத்ததை நினைத்து வைத்த பெயர்.

நகம் போலவே பலீனும் ஈறிலிருந்து வளர்ந்துகொண்டே வரும். ஒருமுறை வளர்ந்த பகுதி பிறகு மாறாது. நைட்ரஜனிலும் கார்பனிலும் எடை சற்றுக் கூடிய அணுக்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அந்தக் கலவை கடலுக்குக் கடல் வேறுபடும். கடலில் மிதக்கும் பாசி வழியாகக் கிரிலுக்கும், கிரில் வழியாகத் திமிங்கிலத்துக்கும் அதே கலவை ஏறுகிறது. ஆகவே தகட்டில் வரிசையாகத் துளையிட்டுப் பொடியெடுத்துச் சோதித்தால், எப்போது எந்தக் கடலில் மேய்ந்தது என்று படிக்கலாம். ஹோப்பின் தகட்டில் கிடைத்தது கடைசி ஏழு ஆண்டுகளின் கணக்கு. குளிர்ந்த வட அட்லாண்டிக்குக்கும் தெற்கே வெதுவெதுப்பான கடலுக்கும் போய்வந்திருக்கிறது. இடையில் ஒருமுறை வழக்கம் மாறியிருக்கிறது. அப்போது கன்று ஈன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நாம் என்னவோ நகத்தை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

இவ்வளவையும் சொல்லி முடித்துத் திரும்பினால், அவள் கேட்டுக்கொண்டிருக்கவே இல்லை. மாடிக் கைப்பிடியில் மோவாயை வைத்து, திமிங்கிலத்தின் முன்துடுப்பைப் பார்த்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். துடுப்புக்குள்ளே நமக்கு இருப்பது போலவே மேற்கை எலும்பு, முன்கையில் இரண்டு எலும்பு, அப்புறம் விரல்கள்.

"நாலுதான் இருக்கு மாமா. ஒண்ணைக் காணோம்."

சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். நீலத் திமிங்கிலத்தின் குடும்பத்துக்கே நான்கு விரல்தான்.