துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும்: சொல்லும் அளவும்

மாத்திரை அட்டையின் பின்பக்கம் 'ஸிங்க்' என்றும் 'ஃபோலிக் ஆசிட்' என்றும் அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதற்கு நாம் வைக்கும் பெயர் 'சத்து மாத்திரை'. இந்தப் பெயர்தான் எனக்குக் கவலை தருகிறது. சத்து என்றால் வலு, வலு கூடினால் நல்லதுதானே என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும். ஒன்று சாப்பிடச் சொன்ன இடத்தில் இரண்டு, ஒரு மாதம் என்ற இடத்தில் ஒரு வருடம் என்று போய்விடுகிறது. அதனால் இந்தச் சொற்களின் பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் துத்தநாகம். ஸிங்க் என்ற உலோகத்துக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் இது. பாடநூலிலும் உண்டு, மருத்துவக் குறிப்பிலும் உண்டு. புதுச்சொல் எதையும் ஆக்கத் தேவையில்லை. துத்தம், நாகம் என்ற இரண்டும் சேர்ந்தது. துத்தம் என்பது பழைய மருத்துவத்தில் சில உலோக உப்புகளுக்கு வழங்கிய பெயர். வடமொழியிலும் 'துத்த' என்று உண்டு. நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். மயில் கழுத்தின் நீலத்தில் இருப்பது மயில்துத்தம், அது தாமிர சல்பேட்டு. பால்போல் வெளுத்திருப்பது பால்துத்தம், அது துத்தநாக சல்பேட்டு. மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் கடும் நஞ்சு. பால்துத்தத்தின் தூய வடிவமோ குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குத் தரும் கரையும் மாத்திரையில் இருக்கிறது. பெயரில் பாதி ஒன்றுதான், வேலை எவ்வளவு வேறு பாருங்கள்.

நாகம் என்ற பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். பாம்பு, யானை என்று இந்தச் சொல்லுக்குப் பொருள் பல. உலோகம் என்று வரும்போது துத்தநாகத்தையும் குறிக்கும், காரீயத்தையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் நாக பற்பம் என்றால் துத்தநாகத்திலிருந்து செய்தது. ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் காரீயத்திலிருந்து செய்தது. துத்தநாகத்துக்கு அங்கே 'யசத' என்று வேறு பெயர். ஒரே எழுத்துகள், இரண்டு உலோகங்கள். ஒன்று உடலுக்கு நாள்தோறும் வேண்டியது. மற்றது எவ்வளவு சிறிய அளவிலும் உடலுக்கு வேண்டாதது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே 'நாகம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, துத்தநாகச் சத்துதானே என்று எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. நாக பற்பமே ஆனாலும் அது வேறொரு மருத்துவ முறையின் மருந்து. சத்துக் குறைவுக்கு மில்லிகிராம் கணக்கில் தரும் மாத்திரைக்கு அதை மாற்றாக வைத்துக்கொள்ள முடியாது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: 'துத்தனாகம்' என்று எழுதுவது பிழை. நாகம் தனிச்சொல், அதனால் 'ந' தான் வரும்.

இந்தச் சொல் கடலும் கடந்திருக்கிறது. ஆசியக் கடல் வணிகத்தில் இறங்கிய போர்த்துகீசியர் இந்த உலோகத்தை 'துத்தநாகா' என்பதை ஒட்டிய பெயரால் அழைத்தார்கள்; அதிலிருந்து ஆங்கிலத்தில் 'டூட்டநாக்' வந்தது. மூலம் தமிழா, மராத்தி போன்ற வேறு இந்திய மொழியா என்பதில் இரு கருத்து உண்டு. பிற்பாடு 'ஸிங்க்' என்ற ஜெர்மன் சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலையில் இந்த உலோகம் கூர்கூராகப் படிவதால், முனை அல்லது கூர் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

உலோகத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் துத்தநாகம் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பி வேலை செய்கின்றன. ஆனால் இரும்பைச் சேமித்து வைப்பதுபோல் இதைத் தனியாகச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை, தொடர்ந்து உணவில் வர வேண்டும். மனிதருக்கு இது குறையக்கூடும் என்பதே மருத்துவ உலகுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆனந்த பிரசாத் என்ற இந்திய மருத்துவர் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவரைப் பார்த்தார். பார்வைக்குப் பத்து வயதுப் பையன்போல் இருந்தார், பருவ வளர்ச்சி வரவில்லை. புளிக்காத மாவில் சுட்ட ரொட்டியே பெரும்பாலும் உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட தானிய உணவில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. இந்தக் குறை துத்தநாகத்தால் இருக்கலாம் என்று 1961-இல் அவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். பிறகு எகிப்தில் நடத்திய ஆய்வுகள் அதை உறுதி செய்தன. சுவையும் மணமும் மங்குவது, புண் ஆறத் தாமதமாவது, முடி கொட்டுவது, குழந்தை வளராமல் நிற்பது, அடிக்கடி தொற்று வருவது எல்லாம் இந்தக் குறையின் அறிகுறிகள். ஆனால் இவை வேறு பல காரணங்களாலும் வரும். முடி கொட்டுகிறது என்பதற்காக மட்டும் துத்தநாகக் குறை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

அடுத்து ஃபோலிக் அமிலம். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. 1941-இல் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் டன் கணக்கில் பசலை வகைக் கீரையை எடுத்துப் பிரித்து இந்தப் பொருளைச் செறிவாக்கினார்கள். இலையிலிருந்து கிடைத்ததால் இந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்னமே இதன் தடம் தெரிந்திருந்தது. பம்பாயில் கருவுற்ற பெண் தொழிலாளர்களிடம் கண்ட ஒருவகை இரத்தசோகை, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்து வேலை செய்தது எது என்ற தேடல்தான் இந்த உயிர்ச்சத்தில் வந்து முடிந்தது. பி9 என்பதும் இதுவே.

தமிழில் என்ன சொல்வது? அமிலத்துக்குக் காடி என்ற சொல் இருக்கிறது; இலையோடு சேர்த்தால் இலைக்காடி. பொருள் தெளிவாகத் தெரிகிறது, நாவிலும் இலகுவாக வருகிறது. எழுத்தில் ஒருமுறை விளக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் மருந்தைப் பற்றிப் பேசும்போது அட்டையில் உள்ள பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அதில் பிடிவாதம் வேண்டாம், மருந்துப் பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும். இன்னொன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். பல இடங்களில் ஆய்த எழுத்தை விட்டுவிட்டு 'போலிக் அமிலம்' என்று எழுதுகிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு அது 'போலி' என்றுதான் தெரியும். கருவுற்ற பெண் ஒருவர் தன் மாத்திரையின் பெயரில் போலி என்று படித்துத் தயங்க ஓர் எழுத்து காரணமாக வேண்டாம். ஃபோலிக் என்றே எழுதுவோம்.

ஃபோலேட்டும் ஃபோலிக் அமிலமும் முற்றிலும் ஒன்றல்ல. கீரை, பருப்பு, பயறுகளில் இயற்கையாக இருப்பது ஃபோலேட். மாத்திரையில் இருப்பது ஆலையில் செய்த ஃபோலிக் அமிலம், குடலில் கூடுதலாக ஏறும். 1 மைக்ரோகிராம் உணவு ஃபோலேட்டுக்கு ஈடாக, சாப்பாட்டோடு எடுக்கும் ஃபோலிக் அமிலம் 0.6 மைக்ரோகிராம் போதும்.

இனி 'சப்ளிமென்ட்'. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு நிரப்புதல் என்று பொருள். துணையுணவு, இணை உணவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவை தவறில்லை, ஆனால் எதற்காக என்ற சேதி அதில் இல்லை. எனக்குச் சரியாகப் படுவது குறைநிரப்பி. குறை இருந்தால்தான் நிரப்ப முடியும். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியும். விழுங்குகிற மருந்துக்கு நாம் வைத்திருக்கும் மாத்திரை என்ற சொல்லே அளவு என்று பொருள்படுவதுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே மாத்திரை.

அமெரிக்காவில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த 2370 தம்பதியரில், ஆண்களில் ஒரு பாதிப்பேருக்கு ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். விந்தின் தரத்திலோ குழந்தை பிறப்பதிலோ முன்னேற்றம் இல்லை. வயிற்று உபாதைகள்தான் அதிகமாயின. சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடுத்தால் இவ்வளவுதான் கிடைக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய துத்தநாகம் ஏறக்குறைய 8 முதல் 11 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. உணவைப் பொறுத்து வேறு நாடுகளில் இது கூடும். உணவும் மாத்திரையும் சேர்த்து 40 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அங்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, ஐரோப்பாவில் அது 25. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தினமும் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10, இப்படி 10 முதல் 14 நாள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் சொன்னன. அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் அளவு மீறினால் துத்தநாகம் குடலில் தாமிரத்தை ஏறவிடாது. தாமிரம் குறைந்தால் இரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், கால் மரத்து நடை தள்ளாடும் அளவுக்கு நரம்பும் கெடும். சத்துக்காகச் சாப்பிட்டே இன்னொரு சத்தை இழப்பது எவ்வளவு பெரிய வருத்தம்!

அட்டையைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். 'துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராம்' என்று இருந்தால் அதில் துத்தநாகம் 50 மில்லிகிராம்தான். மீதி, உப்பின் மற்றப் பகுதி. பரிந்துரை அளவுகள் எல்லாம் துத்தநாகத்தை மட்டும் கணக்கிட்டவை. அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இதில் துத்தநாகம் மட்டும் எவ்வளவு?" என்பதுதான். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள், துத்தநாகம் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, எடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ அந்த ஆன்டிபயாடிக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மருந்து வேலை செய்யாது. இரும்பு மாத்திரையையும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூக்கில் விடும் துத்தநாகக் களிம்பு, தெளிப்பு எதுவும் வேண்டாம். மணம் அறியும் திறன் போய்விட்டதாகப் புகார்கள் வந்தபின் 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைப் பற்றி எச்சரித்தது.

ஃபோலிக் அமிலத்தில் அளவின் அலகே வேறு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கருவுற்று 28 நாளுக்குள் மூடிவிடும். கரு தங்கியது தெரிவதற்கே பலருக்கு அவ்வளவு நாள் ஆகும், முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான். முன்பு ஒரு குழந்தைக்கு நரம்புக்குழாய் சரியாக மூடாத குறை இருந்த தாயைப்போல் ஆபத்து கூடியவர்களுக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் என மருத்துவர் தருவார். 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 4 மில்லிகிராம் அந்தக் குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைத்தது. 5 மில்லிகிராம் என்பது 400 மைக்ரோகிராமைப்போல் பன்னிரண்டரை மடங்கு. 'மை'க்கும் 'மி'க்கும் உள்ள வேறுபாட்டை விரல் வைத்துப் படியுங்கள்.

மற்றவர்களுக்கு மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 1000 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. காரணம் பி12 என்ற இன்னொரு உயிர்ச்சத்து. அது குறைந்தாலும் ஃபோலேட் குறைந்தாலும் ஒரேமாதிரி இரத்தசோகைதான் வரும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், சோர்வு குறையும். உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும், யாருக்கும் சந்தேகம் வராது. முதியவர்களும் இறைச்சி, பால், முட்டை தவிர்ப்பவர்களும் பி12 பரிசோதித்த பின்பே இதைத் தொடங்க வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலம் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு மருத்துவரே ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார். இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான். ஃபோலிக் அமிலம் என்று நினைத்து அதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.