படத்தில் கட்டடம் ஏன் மல்லாக்கச் சாய்கிறது?

சென்னை தங்கசாலைத் தெரு போன்ற நெருக்கடியான கடைத்தெருவில் ஒரு மூன்று மாடி வீட்டை முழுதாகப் படமெடுக்க, பின்னால் நகர இடமிருக்காது. வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டி, உச்சி தெரியும்வரை கேமராவை அண்ணாந்து பிடிப்போம். படத்தில் சுவர்கள் மேலே போகப்போக நெருங்கி, வீடே மல்லாக்க விழப்போவதுபோல் நிற்கும். பழியை லென்ஸ்மேல் போட்டுவிடுகிறோம்.

உண்மையில் காரணம் சாய்வுதான். சென்சார், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகடு, சுவருக்கு இணையாக இருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே பதியும். கேமரா சாய்ந்ததும், லென்ஸ் பார்க்கும் திசையில் அளந்தால், சுவரின் மேற்பகுதி அடிப்பகுதியைவிடத் தள்ளிப்போகிறது. தள்ளியிருப்பது சிறுக்கும். வீட்டின் உயரம் 12 மீட்டர், கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர், இடைவெளி 9.3 மீட்டர் என்று கொள்வோம். 20 டிகிரி சாய்த்தால், கேமரா மட்டத்தில் தெரியும் அகலத்தில் 71 சதவீதமே உச்சியில் தெரியும். 16 மி.மீ. லென்ஸோ 50 மி.மீ. லென்ஸோ, இந்த விகிதம் மாறாது.

அதனால் முதல் வேலை, கேமராவின் எலக்ட்ரானிக் லெவலை இயக்கிச் சாய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் 16 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால், அதே 9.3 மீட்டரில் உச்சி சரியாக எல்லைக்குள் வந்துவிடும். கிடைமட்டமாகப் பிடித்தால் 14 மீட்டர் வேண்டும். அவ்வளவு அகலத் தெரு அங்கே ஏது? நெடுக்குப் படத்திலும் கீழே 43 சதவீதம் வெறும் சாலைதான். அதைத் தயங்காமல் வெட்டலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எதிர்வீட்டில் அனுமதி கேட்டு, கேமராவைச் சுமார் 6 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டடத்தின் பாதி உயரம் அது. 5.3 மீட்டர் இடைவெளியே போதும், சாலையும் வீணாகாது.

ஷிஃப்ட் லென்ஸ், அதாவது கேமராவைச் சாய்க்காமலே மேலும் கீழும் நகர்த்தக்கூடிய லென்ஸ், இருந்தால் கீழிருந்தே சமாளிக்கலாம். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால், நெடுக்குப் படத்தில் 8.4 மீட்டரிலிருந்தே உச்சி கிடைக்கும். மென்பொருளில் நிமிர்த்துவது கடைசி வழி. மேற்பகுதியை இழுத்து அகலமாக்குவதால் அங்கே கூர்மை குறையும், பக்கங்களும் வெட்டுப்படும். அப்படிச் செய்ய நினைத்தால் எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

கேமராவை நேராகப் பிடித்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஓரத்துக்கு வரும் ஒளி தட்டையான சென்சாரில் சரிவாக விழுவதால், 16 மி.மீ. படத்தின் மூலையில் ஒரு பந்து ஏறக்குறைய 1.7 மடங்கு நீண்டு முட்டையாகிவிடும். சுவரோடு படிந்த ஜன்னல்கள் உருமாறா. முன்னே துருத்தும் ஏ.சி. பெட்டி, மாடித் தண்ணீர்த் தொட்டி, நடந்துபோகும் ஆள் எல்லாம் இழுபடும். ஓரத்தில் ஆள் வந்தால் கடந்துபோகும்வரை காத்திருங்கள். இந்த 16 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்துவிட்டால், அரை மீட்டர் தொடங்கித் தெருக்கோடிவரை தெளிவாக இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் ஃபோகஸைத் தொடவே வேண்டாம்.