வாசிகசாலையை மேல்மாடிக்கு ஏற்றாதீர்கள்

போன ஆவணி மாதத்தில் ஒருநாள், பின்னேரம் நான்கு மணி. திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும் வீதியில் ஒரு கிராமம். அங்குள்ள பொதுக் கட்டடத்தைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கீழே மண்டபம், மேலே வாசிகசாலை. கட்டி ஒன்பது வருடம்தான் ஆகிறது. படியேறிப் போனால் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி யன்னல். வெயிலைத் தாங்க முடியாமல் கண்ணாடி நெடுக பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். நூலகராக இருக்கிற பிள்ளை தன் மேசையைக் கிழக்கு மூலைக்கு இழுத்துப் போட்டிருந்தார். கீழே இளைஞர்கள் கரம் விளையாடும் சத்தம் படிக்கட்டு வழியாக அப்படியே மேலே ஏறி வந்தது. வாசகர் ஒருவரும் இல்லை.

வாசகர்கள் கீழே இருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் இரண்டு வாங்கு போட்டு, நான்கைந்து முதியவர்கள் அன்றைய பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தார்கள். "மேல போக ஏலாது தம்பி, முழங்கால் விடுதில்ல. காலமை அந்தப் பிள்ளதான் பேப்பரைக் கீழ கொண்டுவந்து தரும்" என்றார் ஒருவர்.

அந்தக் கட்டடத்தில் வெடிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை. மேசன்மார் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள். பிழை நடந்தது அத்திவாரம் வெட்டுவதற்கும் முன்னால், வரைபடத்துக்கும் முன்னால். இந்தக் கட்டடத்துக்குள் யார், எத்தனை மணிக்கு, எதற்காக வருவார்கள் என்று எவரும் இருந்து எழுதவில்லை. கட்டடக் கலைஞராக இந்த மாவட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் நான் பார்த்த பொதுக் கட்டடங்களில் பாதிக்குப் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் ஊரில் புதிதாக ஒன்று கட்டப் போகிறீர்கள் என்றால், மதிப்பீடு போடுவதற்கு முன் இதைத் தயவுசெய்து வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் வாசிப்பும் விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதிய யோசனை இல்லை. சனசமூக நிலையம் என்றாலே அதுதான். ஒரு பக்கம் பத்திரிகை மேசை, ஒரு பக்கம் முன்பள்ளி, முன்னால் கரப்பந்தாட்ட வலை, பின்னேரம் மாதர் சங்கக் கூட்டம். ஒரு விறாந்தையும் ஒரு அறையும் வைத்துக்கொண்டு இத்தனையையும் சமாளித்தார்கள். ஆளுக்கொரு நேரம் இருந்ததால் அது சரிவந்தது. இப்போது பெரிய கட்டடம் கட்டும்போது அந்த நேரக் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

ஆகவே முதலில் ஒரு கொப்பி எடுத்து, காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை எழுதுங்கள். எட்டு மணிக்குப் பத்திரிகைக்கு வரும் முதியவர்கள். அதே நேரம் முன்பள்ளிப் பிள்ளைகள், அவர்களை விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி வரை வெளியில் காத்திருக்கும் தாய்மார். இந்தத் தாய்மாருக்கு எந்த வரைபடத்திலும் இடம் இருப்பதில்லை. மரத்தடியிலோ மதிலோரமோதான் நிற்கிறார்கள். ஒரு நிழலும் நாலு கதிரையும் புத்தகத் தட்டும் வைத்தால் ஊரிலேயே அதிகம் வாசிக்கிற ஆட்களாக அவர்கள் மாறிவிடுவார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டு மணிக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகள். நான்கு மணிக்கு விளையாட்டுக் கழகம். ஐந்து மணிக்கு மேல் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் தனி அறை இல்லாதவர்கள். எழுதி முடித்ததும் எந்த இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் மோதுகிறது என்று தெரியும். பெரும்பாலும் நான்கு மணி முதல் ஏழு மணி வரைதான் மோதல்: விளையாடுகிறவரின் சத்தமும் படிக்கிறவரின் அமைதியும்.

அந்த மோதலைத் தீர்க்க மாடி கட்டுகிறார்கள். அது தீர்வே இல்லை. சத்தம் படிக்கட்டு வழியாக ஏறும், கொங்கிறீற்றுத் தட்டு வழியாகவும் இறங்கும். ஒரே மட்டத்தில், இரண்டுக்கும் நடுவில் சத்தத்தை விழுங்கும் அறைகளை வையுங்கள்: களஞ்சியம், மலசலகூடம், அலுவலக அறை. விளையாட்டு மண்டபத்தின் கதவு வாசிப்பறையின் கதவைப் பார்த்தபடி திறக்கக்கூடாது. நூலகரின் மேசை இரண்டு வாசலையும் பார்க்கும் இடத்தில் இருந்தால் ஒருவரே இரண்டையும் கவனிப்பார். ஆளணி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் வேண்டியபடி கட்டடத்தை வரைந்தால் ஒரு பகுதி பூட்டித்தான் இருக்கும்.

மாடி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் பாரம். வீட்டு அறைக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று வைத்துத்தான் தட்டைக் கணிக்கிறோம். நூல்கள் அடுக்கிவைக்கும் அறைக்கு, நாங்கள் நெடுங்காலம் கைக்கொண்ட பிரித்தானிய நியமப்படி, குறைந்தது 650 கிலோவாவது கணிக்க வேண்டும். நான்கு மடங்குக்கு மேல். கூட்ட அறையாக வரைந்த மேல்மாடியைப் பிறகு "வாசிகசாலைக்குக் குடுப்பம்" என்று கூட்டத்தில் தீர்மானித்துவிட்டு நூல் அடுக்கும் இறாக்கைகளை ஏற்றுவது ஆபத்தான வேலை. பொறியியலாளரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

ஆனால் கீழே வைத்தால் வெள்ளம் வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைப் பற்றித்தான் நான் ஊர்க்கூட்டங்களில் அதிக நேரம் கதைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எங்கள் மழை முழுவதும் கொட்டுகிறது. மூதூர், கிண்ணியாப் பக்கம் மகாவலித் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில் அன்பளிப்பாக வந்த நூல்கள், இறாக்கை போதாமல் நிலத்தில் பெட்டியோடு கிடந்து, அடுத்த மாத மழையில் ஊறிப்போனதை இரண்டு இடங்களில் பார்த்தேன். அதனால் தரை உயர வேண்டும். எவ்வளவு என்பதை அயலில் உள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். எந்தச் சுவரில் எந்த வருடத் தண்ணீர் எந்த அடையாளம் வரை வந்தது என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். அதற்கு மேலே ஒரு அடி வைத்துத் தளத்தை உயர்த்துங்கள்.

உயர்த்தினால் சாய்தளம் வேண்டும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் 2006 இல் வந்த ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு அணுகும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சாய்வு 12க்கு 1. அதாவது தரை முக்கால் மீற்றர் உயர்ந்தால் சாய்தளம் 9 மீற்றர் நீள வேண்டும்; இடையில் சக்கரநாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீற்றர் சமதளமும் வேண்டும். கட்டடம் முடிந்தபிறகு வாசலில் இரண்டு மீற்றர் இடம் மட்டும் மிஞ்சும். அதில் ஒரு செங்குத்துச் சரிவைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அதில் சக்கரநாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது. போரில் கால் இழந்தவர்களும் மூட்டு தேய்ந்தவர்களும் இருக்கிற மாவட்டம் இது. சாய்தளத்தை முதலில் வரைந்துவிட்டுக் கட்டடத்தைப் பிறகு வரையுங்கள். அதைப் பக்கத்து விறாந்தையோடு சேர்த்து ஓடவிட்டால், சைக்கிள் உருட்டுகிறவரும் நூல் பெட்டி தள்ளுகிறவரும் முன்பள்ளிப் பிள்ளையும் எல்லாரும் அதையே பாவிப்பார்கள்.

வெயிலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் மாதிரி வரைபடங்களை அப்படியே கட்டும்போது நடக்கும் தவறு இது. திருகோணமலையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும், மறுபடி ஓகஸ்ட் கடைசியிலும். இந்த இரண்டுக்கும் இடையில், எங்களுக்கு மிகவும் கடுமையான மாதங்களில், மத்தியான வெயில் வடக்கிலிருந்து வருகிறது. "வடக்கு யன்னல் குளிர்ச்சி" என்று நம்பித் தாழ்வாரம் இல்லாமல் விட்டால் ஆனி, ஆடியில் தெரியும். வடக்கு வெயில் உயரத்தில் நிற்பதால் ஒரு மீற்றர் தாழ்வாரமே அதைத் தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியில்லை. படுத்து வருகிறது, தாழ்வாரத்துக்கு அடங்காது. ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கட்டும். யன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். நடுவில் வைத்தது போக மிஞ்சும் களஞ்சியமும் மலசலகூடமும் மேற்குச் சுவரில் வெயிலை வாங்கட்டும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தெற்கு யன்னலால் சாய்வாக நுழைந்து வடக்கால் வெளியேறும். வாடை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்து விறாந்தை ஆழமாக இருக்க வேண்டும். இரண்டரை மீற்றர் இருந்தால் மார்கழி மழையிலும் பத்திரிகை மேசை நனையாது.

உப்புக்காற்றைப் பற்றிச் சுருக்கமாக. கடலோரத்தில் கம்பியை மூடும் கொங்கிறீற்று 40, 50 மில்லிமீற்றர் கனம் இருக்க வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைக்க விடாதீர்கள். அந்தக் காசில் மிச்சம் பிடித்தவர்களின் பீம்கள் பத்து வருடத்தில் பொருமி உதிர்கின்றன. காணி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காணி உறுதி யார் பெயரில் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

புத்தகக் கணக்கு. பொது நூலகங்களுக்கான சர்வதேச வழிகாட்டி, ஆகச் சிறிய சேவை நிலையத்துக்கும் 2,500 நூல்களாவது வேண்டும் என்கிறது. ஒரு மீற்றர் தட்டில் ஏறத்தாழ 30 நூல்கள் நிற்கும் என்று வைத்தால் 83 மீற்றர் தட்டு. ஐந்து தட்டுள்ள, 90 சென்ரிமீற்றர் அகலமான இறாக்கைகள் பத்தொன்பது. இது இன்றைக்கு. நூலகம் வளரும் உயிர் என்று சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன், யாழ்ப்பாணப் பொது நூலகம் திட்டமிடப்பட்டபோது அவருடைய ஆலோசனையையும் பெற்றார்கள். அவர் சொன்னதைக் கட்டடத்தில் காட்டுவதென்றால் ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்க வேண்டும்; சுவரில் ஒரு பக்கமாவது பிறகு நீட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடம் ஒதுக்குவதையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். இறாக்கையை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் வைத்தால் கறையான் வருவது கண்ணுக்குத் தெரியும். சிறுவர் பகுதியில் தட்டு நாலு அடிக்கு மேல் வேண்டாம்.

விளையாட்டுப் பக்கம், உள்ளக பட்மின்டன் கேட்காத ஊர் இல்லை. கோடு மட்டுமே 13.4 மீற்றருக்கு 6.1 மீற்றர், சுற்றி ஓட இடமும் கூரை உயரமும் சேர்த்தால் முழுக் காசும் அந்த மண்டபத்துக்கே போய்விடும். என்னுடைய அபிப்பிராயம், சிறிய ஊருக்கு வெளியில் நல்ல வெளிச்சம் போட்ட கரப்பந்தாட்டத் திடல் போதும். உள்ளே கரம், சதுரங்கம், மேசைப்பந்து, பெண்களின் உடற்பயிற்சிக்கு மறைப்புள்ள ஒரு மண்டபம். பெண்பிள்ளைகள் ஆறு மணிக்குப் பிறகும் வர வேண்டுமானால், மலசலகூடத்துக்குப் போகும் வழி விளையாடும் பையன்களுக்கு நடுவால் போகக்கூடாது. வாசலிலிருந்து வீதி வரை வெளிச்சம் வேண்டும். இதை எந்தக் கூட்டத்திலும் அவர்கள் எழும்பிச் சொல்ல மாட்டார்கள். தனியாக, ஒரு ஆசிரியையை வைத்துக் கேட்டால் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 ஐ நாங்கள் மறக்கவில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயலும் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. இப்படியான நாட்களில் சனம் ஓடி வருவது பாடசாலைக்கும் பொதுக் கட்டடத்துக்கும்தான். ஆகவே மண்டபம் ஒரு கிழமைக்கு முப்பது குடும்பத்தைத் தாங்க வேண்டும்: தண்ணீர்த் தாங்கி, சமைக்க ஒரு கொட்டில், போதிய மலசலகூடங்கள், ஓடுகளை இறுக்கிக் கட்டிய கூரை. வாசிப்பறையைத் தனியாகப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல்கள் மழைக்குத் தப்பினாலும் நெரிசலுக்குத் தப்பாது.

இப்போது நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் புதிய கட்டடத்துக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் காணியில் சுண்ணாம்பால் அறைகளைக் கோடு போட்டோம். ஊர்ச்சனம் கோட்டுக்குள் நடந்து பார்த்தார்கள். ஒரு ஐயா வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தை என்று போட்ட இடத்தில் இருந்து பத்திரிகையை விரித்தார். பின்னேரம் மூன்றரைக்கு வெயில் அவர் மடியில் விழுந்தது. மேற்கு எல்லையில் நின்ற வேம்பு நிழல் அவருக்குப் பன்னிரண்டு அடி தள்ளி விழுந்துகொண்டிருந்தது. முதல் வரைபடத்தில் அந்த வேம்பைத் தறிக்கச் சொல்லி நான்தான் குறித்திருந்தேன். அதை அழித்துவிட்டு, கோடு முழுவதையும் பன்னிரண்டு அடி மேற்கே நகர்த்தினோம். ஐயா கதிரையையும் தூக்கி வந்து போட்டு மறுபடி இருந்தார். ஐந்து மணி வரை அவர் எழும்பவில்லை.