செல் என்பது அணுவா, கலமா?

தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சிகளிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் ‘புற்றுநோய் அணுக்கள்’, ‘மூளை அணுக்கள்’ என்று ஓயாமல் வருகிறது. ஆங்கிலச் ‘செல்’லுக்கு ‘உயிரணு’ என்று பெயர் வைத்ததன் விளைவு இது. அந்தப் பெயர் தவறு என்பது என் கருத்து.

லத்தீனில் ‘செல்லா’ என்றால் சிற்றறை, சரக்கறை; உரோமர் கோயிலின் கருவறைக்கும் அதுவே பெயர். துறவியின் அறை, சிறைக் கொட்டடி, தேனடையின் கண்ணறை எல்லாம் அதன் வழி வந்த பொருள்கள். 1665இல் ஆங்கிலேய அறிவியலர் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த வெற்றுக் கண்ணறைகளுக்கு இப்பெயரை இட்டார். துறவியர் அறையை நினைத்து இட்டார் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர் எழுதியதிலோ தேனடை உவமைதான் இருக்கிறது. கைபேசியின் ஆங்கிலப் பெயரும் நிலப்பரப்பை அறுகோணக் கண்ணறைகளாகப் பகுக்கலாம் என்று 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுந்த யோசனையிலிருந்து வந்ததே. (‘செல்லிடப்பேசி’ என்று ஒலியையும் பொருளையும் ஒருசேரப் பிடித்தவரின் குறும்பை ரசிக்கலாம், மக்கள் வாயில் நின்றது என்னவோ ‘கைபேசி’தான்.)

ஆக, எங்கு போனாலும் அச்சொல் ஒன்றை உள்ளே கொண்டிருக்கும் இடத்தையே குறித்தது. உயிரியலில் மட்டும் நாம் அதை ‘அணு’ ஆக்கினோம். அணு என்பதற்கு மிக நுண்ணிய பொருள் என்பதே பழம்பொருள், எனவே உயிருள்ள நுண்பொருள் உயிரணு ஆகாதா என்று கேட்பார்கள். இயற்பியல் அச்சொல்லைத் தனதாக்கிக்கொள்ளும் வரை அந்த வாதம் செல்லும். அணு உலையையும் அணுகுண்டையும் அறிந்த மாணவன், மனித உடலின் ஒரு செல்லுக்குள் கோடி கோடி அணுக்கள் இருப்பதையும் படிக்கிறான். அவனிடம் அந்தச் செல்லும் ஒருவகை அணுதான் என்றால் என்ன விளங்கும்? கருவுறாத கோழிமுட்டையின் மஞ்சள் கரு ஒற்றைச் செல். அதையும் அணு என்போமா? குழப்பம் ‘அணுக்கரு’வில் முற்றிவிடுகிறது: அணுக்கருப் பிளவு என்றால் யுரேனியம் பிளப்பதா, செல்லின் கரு இரண்டாவதா? போதாக்குறைக்கு, குழந்தைப்பேற்று மருத்துவ விளம்பரங்கள் ‘உயிரணு’வை விந்தணு என்ற பொருளிலேயே வழங்குகின்றன. ‘உயிரணு எண்ணிக்கை குறைவு’ என்ற தலைப்பைக் கண்டு, இரத்தச் சோகை பற்றிய கட்டுரை என்று யாரும் நினைக்கப் போவதில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் ‘கலம்’ என்றே எழுதுகின்றன. கலச்சுவர், கலப்பிரிவு என்று அச்சொல் தடையின்றிக் கிளைக்கிறது. நாமும் மின்கலம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கலம் என்றால் பாத்திரமும் கப்பலும் அணிகலனும் நெல்லளவும் ஆயிற்றே, மயக்கம் தராதா என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. உண்கலம், மரக்கலம், விண்கலம் மூன்றும் தம்முள் எதையோ ஏந்திச் செல்பவை. உயிர்ச்சாற்றைத் தன்னுள் ஏந்தியிருக்கும் ஒன்றுக்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்துகிறது. பல பொருள் இருப்பது குற்றமென்றால், முதலில் கூண்டில் ஏற வேண்டியது ஆங்கிலச் ‘செல்’தான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செல்’ என்றே எழுதித் தகராற்றிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. ‘உயிரணு’வைவிட அது மேல், பொய்யான பொருளையாவது புகுத்தவில்லை. ஆனால் தமிழில் செல் என்றால் போ. செல் என்றால் கறையானும்கூட. ‘செல் அரித்த சுவர்’ என்பதை வீடு கட்டியவர் ஒருவிதமாகவும் தாவரவியல் மாணவர் வேறுவிதமாகவும் படிப்பர்.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லின் வரலாற்றைப் பாராமல் அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டுவதால் வரும் கேட்டுக்குத் ‘தண்டணு’ இன்னொரு சான்று. ‘ஸ்டெம் செல்’லுக்கு இட்ட பெயர் அது. அந்த ஆங்கிலச் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது குறித்தது செடியின் தண்டை அன்று, கால்வழி மரத்தின் அடிமரத்தை. பல வகைக் கலங்கள் கிளைத்து வருவதற்கு மூலமாக நிற்கும் கலம் அது. சொல்லின் முற்பாதியும் தவறு, பிற்பாதியும் தவறு. மூலக்கலம் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.