ரூமைப் பார்க்கும் முன் பாத்ரூமைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் வாக்கரைப் பிடித்தபடி என் கிளினிக்குக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது 71. நவக்கிரகக் கோயில்களைப் பார்க்கக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் போயிருக்கிறார். ஏறக்குறைய 300 கிலோமீட்டர், வழியில் ஒன்றும் ஆகவில்லை. லாட்ஜில் ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் இருட்டில் சுவிட்சைத் தடவிக்கொண்டே காலை எடுத்து வைக்க, உள்ளே தரை அரையடி பள்ளம், யாரோ குளித்த ஈரம் வேறு. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது என்னிடம் நடை பழகுகிறார். "ஒன்பது கிரகத்துல நாலைத்தான் பாத்தேன்" என்று அவர் சிரிக்கிறார். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிசியோதெரபிஸ்டாக இந்தக் கதையை வருஷத்துக்கு நாலைந்து முறையாவது கேட்டுவிடுகிறேன். ஊர் மாறும், லாட்ஜ் மாறும், பாத்ரூம் மட்டும் மாறாது.

அதனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், ஆப்பில் பணம் கட்டும் முன் லாட்ஜுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். "லிஃப்ட் வசதி உண்டு" என்று போட்டிருப்பார்கள், அந்த லிஃப்ட் வரைக்கும் போகவே வாசலில் ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும், கரண்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா என்பது தனிக் கதை. தரைத்தளத்தில் அறை உண்டா என்றுதான் முதலில் கேளுங்கள். அப்புறம் வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்தில் பிடித்து எழக் கம்பி இருக்கிறதா, உள்ளே இறங்கப் படியோ பள்ளமோ உண்டா, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தருவார்களா. வாயால் கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்றுதான் பதில் வரும், ஆகவே பாத்ரூமை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மேனேஜர் சிரிப்பார், சிரிக்கட்டும். போட்டோவில் தெரிவது டவல் போடுகிற கம்பி என்றால் அதை நம்ப வேண்டாம், ஆள் எடைக்குச் சுவரிலிருந்து கையோடு வந்துவிடும்.

பெட்டியில் பிளக்கில் செருகுகிற சின்ன நைட் லேம்ப் ஒன்று, வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. ராத்திரி எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடங்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம்.

காரில் வேறு ஒரு தொல்லை. வழியில் டாய்லெட் கிடைக்காது என்ற பயத்தில் பெரியவர்கள், முக்கியமாக அம்மாக்கள், காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், கேட்டால் தாகமே இல்லை என்பார்கள். சிலர் நீர் பிரிகிற மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள், யாரையும் கேட்காமல். அன்றைக்கு அதை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது நரம்பு இழுப்பு என்று தைலம் தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. உயரமான வண்டி என்றால் ஏற இறங்க ஒரு குட்டி ஸ்டூல் போதும்.

ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்கிற ஆசை இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். திங்களூரும் திருநள்ளாறும் பக்கத்து பக்கத்துத் தெருவா என்ன? ஒன்பது தரம் வண்டியில் ஏறி இறங்குவதே முட்டிக்குப் பெரிய வேலை. மத்தியானம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் பிராகாரக் கல் கொதிக்கிற நேரத்தில் அகப்பட்டுக்கொள்வீர்கள். சர்க்கரையால் பாத உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாது, சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் தூக்கம். மூன்று நாள் ஆனால் ஆகட்டும்.

மீதி ஐந்து கோயிலுக்கு எப்போது போகலாம் என்று வாத்தியார் வாராவாரம் கேட்கிறார். முதலில் தனியாகப் படி ஏறி இறங்குங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். போன வாரம் போனை எடுத்து ஒரு லாட்ஜ் பாத்ரூமின் போட்டோவைக் காட்டினார், கதவுக்கு வெளியே இருந்த சுவிட்சை இரண்டு விரலால் பெரிதாக்கி.