கிரீமைத் திட்டாதீர்கள், ஐஸ் எங்கே என்று கேளுங்கள்

மீன் சாப்பிட்டு உடம்பு சிவந்து என் தோல் கிளினிக்குக்கு வந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கிளினிக்கை மூடப்போகும் நேரம். ஒரே காரில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், அப்பத்தா. அப்பத்தாவைத் தவிர மற்ற மூவருக்கும் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை என்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "மீனுல பாலாடைய ஊத்தித் தின்னா வேற என்ன ஆகும் டாக்டரம்மா? நான் மோருஞ்சோறுந்தான் சாப்பிட்டேன், பாருங்க, எனக்கு ஒண்ணுமில்ல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புள்ளைக்கு வெள்ளை விழுந்துருமா? கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்."

கிரீம் சாஸில் சால்மன். மகள் வீடியோ பார்த்துச் செய்தது. இருபது நிமிடத்தில் முடிகிற ராத்திரிச் சாப்பாடு. அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் கேட்டது, "கிரீமுக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்தியிருக்கணுமா டாக்டர்?"

நான் கேட்ட கேள்வி வேறு. மீன் எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டு வந்தது. தெர்மோகோல் பெட்டியில். விமானத்தில் நான்கு மணி நேரம். திருச்சியில் இறங்கி, உறவினர் வீட்டில் சாப்பிட்டு, கடைத்தெரு சுற்றி, சாயங்காலம் காரைக்குடி. பெட்டி அதுவரை கார் டிக்கியில். "திறந்தப்ப ஐஸ் இருந்துச்சா?" என்றேன். "தண்ணியாத்தான் இருந்துச்சு, ஆனா ஜில்லுன்னு இருந்துச்சு" என்றார் அப்பா. பிறகு ஃப்ரீசரில் வைத்து, இரண்டு நாள் கழித்து, காலையில் எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். ராத்திரி சமையல். சித்திரை வெயிலில் சமையலறை மேடை!

கிரீம் பாவம், அன்றைக்குச் சாயங்காலம்தான் கடையிலிருந்து வந்தது.

சரி, முதலில் என்னை மிகவும் படுத்துகிற விஷயத்தைப் பேசிவிடுகிறேன். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வராது. வராது. ஒரு தோல் மருத்துவராக இதை நான் வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்கிறேன். வெண்புள்ளி என்பது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழிப்பதால் வருவது. உலகம் முழுக்க ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. மீனையே தொடாத சைவக் குடும்பங்களிலும் இருக்கிறது. தொட்டால் ஒட்டாது. 'வெண்குஷ்டம்' என்ற பெயரும் தவறு. குஷ்டம் கிருமியால் வருவது, இது கிருமியே இல்லாதது. தயவுசெய்து வெண்புள்ளி என்று சொல்லுங்கள்.

காலையில் பால் டீ குடித்துவிட்டு மத்தியானம் மீன்குழம்பும், அது முடிந்து தயிர்ச் சோறும் சாப்பிடாத அசைவ வீடு காரைக்குடியில் எத்தனை? வயிற்றுக்குள் என்ன தடுப்புச் சுவரா கட்டி வைத்திருக்கிறோம்? வங்காளிகள் மீனைத் தயிரிலேயே வேகவைத்து விருந்து வைக்கிறார்கள். ஃபின்லாந்தில் சால்மனை உருளைக்கிழங்கோடு பாலோ கிரீமோ ஊற்றிச் சூப்பாக வைத்துக் குடிக்கிறார்கள், பாட்டன் காலத்திலிருந்து. மீனும் பாலும் சேர்ந்து வெண்புள்ளி வரும் என்றால் அந்த ஊர்களெல்லாம் இந்நேரம் என்ன நிறத்தில் இருக்கும்? ஆயுர்வேதத்தில் சேர்த்துச் சாப்பிடக் கூடாதவை என்ற பட்டியலில் மீனும் பாலும் இருப்பது எனக்கும் தெரியும். அதைக் கடைப்பிடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கிளினிக்கில் நடப்பதுதான் என் சண்டை. வெண்புள்ளி வந்த பிள்ளைக்குப் பாலை நிறுத்தி, மீனை நிறுத்தி, முட்டையை நிறுத்தி, தயிரையும் புளியையும் நிறுத்தி, கடைசியில் ரத்தசோகையோடு என்னிடம் கூட்டி வருகிறார்கள். "கர்ப்பமா இருந்தப்ப மீன் சாப்பிட்டுட்டுப் பால் குடிச்சேன் டாக்டர், என்னாலதான்" என்று அழுத தாய்மார்களை என் விரல்களால் எண்ணி முடியாது. அந்தப் பழியை அவர்கள் தலையில் ஏற்றியது யார்? பெரும்பாலும் மாமியார். சில நேரம், வெட்கமாக இருக்கிறது, எங்கள் தொழிலில் இருப்பவர்களே.

அப்பத்தாவுக்கு இத்தனையும் சொன்னேன். "அப்ப இந்தச் செவப்பு எதுனால?" என்றார். நியாயமான கேள்வி.

மீன் சூட்டில் கிடந்தால் அதிலுள்ள பாக்டீரியா ஹிஸ்டமைன் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அலர்ஜி வந்தால் நம் உடம்புக்குள் சுரக்கும் அதே பொருள்தான். இங்கே அதைத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் இவற்றில்தான் இது அதிகம். சால்மனில் குறைவு, ஆனால் வரவே வராது என்றில்லை. இந்த மாதம் வந்த முதல் குடும்பம், சால்மன் கிடைக்காமல் அதே கிரீம் சாஸில் சூரையைப் போட்டவர்கள்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை உண்டாகிவிட்டால் இந்த ஹிஸ்டமைன் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, திரும்ப ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மஞ்சள் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவினாலும் போகாது. கெட்ட வாடையும் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு வாயில் வைத்ததும் மிளகைக் கடித்ததுபோல் நாக்கு காரும். மிளகு போடாத மீன் காரமாக இருந்தால் துப்பிவிடுங்கள். நம் ஊர்ச் சமையலில் மிளகு இல்லாமல் மீன் ஏது என்பது வேறு விஷயம்.

மூவருக்கும் அலர்ஜி மருந்து கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். சிவப்பு வடிந்துவிட்டது. இந்தப் பிரச்சினை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கும். ஆனால் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ என் மாதிரித் தோல் கிளினிக் வாசலில் வந்து நிற்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. 108.

இன்னொன்று. ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் இந்த நஞ்சைச் சந்தேகப்பட வேண்டும். ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வந்தால் அலர்ஜியைச் சந்தேகப்பட வேண்டும். இதைக் கேட்காமலே 'மீன் அலர்ஜி' என்று சீட்டில் எழுதிவிடுவதால் ஆயுசுக்கும் மீனை விட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் இனிமேல் இதைச் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. நானே செய்கிறவள். கிளினிக் முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போகிறவளுக்கு அம்மியும் மசாலாவும் ஆகாது. முதல் நாள் ராத்திரியே மீனை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். காற்றுப் புகாத பாக்கெட்டில் வந்தது என்றால் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில், ஃபிரிட்ஜ் குளிரிலேயே வளரக்கூடிய கிருமி ஒன்று உண்டு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். விளையாட்டில்லை.

மறுநாள் துண்டை நன்றாகத் துடைத்து, உப்பும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் தடவி, இரும்புக் கல்லில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி நான்கைந்து நிமிடம். திருப்பி ஒரு நிமிடம். மேலே வெள்ளையாக ஏதோ கசியும். அது மீனின் புரதம், பிளாஸ்டிக் இல்லை (அந்தக் கேள்வியும் வந்திருக்கிறது). மீனை எடுத்துவிட்டு அதே கல்லில் வெண்ணெய், பூண்டு, நாலு சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை சோம்புத்தூள். கல்பாசி வேண்டாம், மீனை அமுக்கிவிடும். சிறு தீயில் கிரீம். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். மீனைத் திரும்பப் போட்டு இரண்டு நிமிடம், தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, நடுவில் 63 டிகிரி செல்சியஸ். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. இங்கே மீன் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று கொடுப்பது காலா மீன். சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை, ஆனால் இந்தச் சாஸுக்கு நன்றாகவே பொருந்தும்.

மிச்சத்தை மேடையில் வைத்துவிட்டு சீரியல் பார்க்க உட்காராதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள், நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். தொண்டியிலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ வரும் மீனை வாங்கும்போது கண்ணையும் செவுளையும் மட்டும் பார்க்காமல், மீன் ஐஸுக்குள் கிடக்கிறதா, ஐஸ் மேல் காட்சிக்கு உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா சித்தப்பாக்களே, உங்கள் பாசம் புரிகிறது. சாக்லேட் கொண்டு வாருங்கள், போதும்.

இரண்டாவது குடும்பத்தைச் சொல்லவில்லையே. அவர்கள் வீட்டு மீன் கெட்டது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், நடுவில் ஐஸ் தண்ணீருக்காகப் பத்துத் தடவை திறந்திருக்கிறார்கள். ராத்திரி தொட்டுப் பார்த்தால் மீன் திரும்பக் கல்லாக உறைந்திருக்கிறது, நல்லாத்தானே இருக்கு என்று சமைத்துவிட்டார்கள். உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு வந்தால், முதல் நாளே ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். கரண்ட் வந்து மறுபடி உறைந்த பிறகு பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் மீனைச் சமையுங்கள். அடியில் கிடந்தால் குப்பையில் போடுங்கள், பூனைக்கும் வேண்டாம்.